இளைப்பாறுதலை நோக்கிய மனப்பாங்கும் அதன் அளவீடும்

இளைப்பாறுதலை எதிர்நோக்கும் ஊழியர் ஒருவரிடம் அதுபற்றி உருவாகும் எண்ணம், உணர்வு, செயல்நாட்டம் ஆகியவற்றின் தொகுதியே இங்கு மனப்பாங்கு எனப்படுகின்றது. இதனை எண்ணால் வெளியிட இயலுமா என்பது கல்விசார் வினா மட்டுமன்று. இளைப்பாறும் வயதை உயர்த்த முனைவோரும் அதனை எதிர்ப்போரும் ஊழியரின் விருப்பத்தையே சான்றாகக் காட்டுவதுண்டு. ஆகவே அவ்விருப்பம் எம்முறையால் அறியப்படுகின்றது என்பதை ஆராய்தல் அவசியமாகும்.

மனப்பாங்கை அளவிட முடியும் என 1928ஆம் ஆண்டில் தேர்ஸ்ரன் வாதிட்டார். அவரது முறையில், நடுவர்கள் பலர் கூற்றுகளைச் சாதகம் முதல் பாதகம் வரை தரப்படுத்துவர். 1932இல் லிக்கேட் இதனிலும் எளிய முறையொன்றை வகுத்தார். ‘இளைப்பாறிய பின் என் நாட்கள் பயனற்றுக் கழியும்’ என்பது போன்ற கூற்றுக்கு, முற்றாக உடன்படுதல் முதல் முற்றாக மறுத்தல் வரையான ஐந்து விடைகளுள் ஒன்றை ஊழியர் தெரிவுசெய்வார். விடைகளுக்கு 1 முதல் 5 வரை புள்ளிகள் வழங்கப்படும். பாதகமான கூற்றுகளுக்குப் புள்ளிகள் தலைகீழாக இடப்பட்டு மொத்தம் கணிக்கப்படும்.

சிக்கல் இம்மொத்தத்திலேயே தொடங்குகின்றது. தொழிலில் மனநிறைவு காண்பதால் ஒருவர் இளைப்பாற மறுக்கலாம். தொழிலை வெறுத்தும் வறுமைக்கு அஞ்சி மற்றொருவர் மறுக்கலாம். இருவரையும் ஒரே எண் ‘தொடர்ந்து உழைக்க விரும்புவோர்’ எனக் காட்டும். ஸ்மித், கெண்டல், ஹியூலின் ஆகியோர் 1969இல் வெளியிட்ட அளவுத்திட்டம், இளைப்பாறியோரின் மனநிறைவைச் செயற்பாடுகள், பொருளாதார நிலை, உடல்நலம், பழகும் மனிதர் என நான்காகப் பிரித்து நோக்கியது. இளைப்பாறுதலை எதிர்நோக்குவோரை ஆராயுமிடத்தும் இத்தகைய பகுப்பு வேண்டப்படும்.

இன்னொரு சிக்கல் காலம் பற்றியது. ஐக்கிய அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகம் 1952இல் தொடங்கிய ஆய்வு, ஒரே ஊழியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து வினவியது. ஸ்ட்ரைப், ஷ்னைடர் ஆகியோர் 1971இல் நூலாக வெளியிட்ட அதன் முடிவுகளின்படி, இளைப்பாறுதலின் தீய விளைவுகளைப் பொதுவாக ஊழியர் முன்கூட்டியே மிகைப்படுத்தி எண்ணியிருந்தனர். எனவே, முன்னர் பெறப்படும் புள்ளி அச்சத்தின் அளவேயன்றிப் பின்னர் நேரும் அனுபவத்தின் அளவன்று.

இலங்கையில் இவ்வளவுத்திட்டங்களைக் கையாளுமிடத்து, வர்க்க வேறுபாடும் கருத்திற் கொள்ளப்படல் வேண்டும். ஓய்வூதிய உரித்துடைய அரசாங்க ஊழியருக்கு மாதந்தோறும் வருவாயுண்டு. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்குட்பட்ட தனியார்துறை ஊழியரும் தோட்டத் தொழிலாளரும் பெறுவது பொதுவாக ஒரே தடவையில் வழங்கப்படும் தொகையாகும். ஊழியரின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் சேர்ந்து அதனை ஆக்குகின்றன. குறைந்த சம்பளத்தில் சேரும் தொகையும் குறைவானதே. சொந்தத்தில் பயிர்செய்யும் விவசாயிக்கோ இளைப்பாறும் நாள் என ஒன்று இல்லை. வினாவே அவருக்குப் பொருந்தாது.

சட்டமும் மனப்பாங்கை மாற்றவல்லது. அரசாங்க ஊழியரின் இளைப்பாறும் வயது 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 65 ஆக உயர்த்தப்பட்டு, அவ்வாண்டின் முடிவில் மீண்டும் 60 ஆக்கப்பட்டது. அறுபதை அண்மித்த ஒருவரிடம் அவ்வாண்டின் நடுவிற் பெறும் விடையும் இறுதியிற் பெறும் விடையும் ஒரே பொருளுடையன அல்ல. ஆதலால் வினவப்பட்ட நாளும், இளைப்பாற எஞ்சியுள்ள காலமும் புள்ளியுடன் பதியப்படல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, ‘இளைப்பாற விரும்புகிறீர்களா?’ என்னும் வினாவுடன் ‘போதிய வருவாய் உறுதியாயின் விரும்புவீர்களா?’ என்னும் வினாவும் கேட்கப்படல் வேண்டும். இரு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே விருப்பத்தையும் நிர்ப்பந்தத்தையும் பிரித்துக் காட்ட உதவும். அவ்வேறுபாட்டை அறியாது இளைப்பாறும் வயதை உயர்த்துவது, ஊழியரின் வறுமையை அவரது விருப்பமாகக் கணக்கிடுவதாகவே முடியும்.