மூளையதிர்ச்சிக்குப் பின் உடற்பயிற்சி: எப்போது, எவ்வளவு?

உறைபனியில் வழுக்கி விழுதல், சைக்கிளிலிருந்து சரிதல், உதைபந்தாட்டத்தில் தலையோடு தலை மோதுதல் ஆகியன மூளையதிர்ச்சிக்கு வழமையான காரணங்களாகும். கியூபெக் மருத்துவமனைகளின் பிரெஞ்சுத் தாள்களில் இது ‘கொமோசியோன் செரெப்ரால்’ எனக் குறிக்கப்படும். மருத்துவர் இதனை ‘லேசான’ காயம் என்பது உயிராபத்து தென்படவில்லை என்ற பொருளிலேயே ஆகும். தலைவலி, தலைச்சுற்று, வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க இயலாமை, மறதி, எரிச்சல் என்பன நாட்கணக்கில் நீடிக்கலாம். ஸ்கான் படத்தில் மூளையதிர்ச்சி பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே, படத்தில் குறையில்லை என்பது குணமடைந்தமைக்குச் சான்றாகாது.

அடிபட்டவரை இருண்ட அறையில் வாரக்கணக்கில் படுக்கவைக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் உண்டு. மருத்துவர்களும் ஒரு காலத்தில் அவ்வாறே கூறினர். அந்த ஆலோசனை இன்று மாறிவிட்டது. 2022 இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச மாநாட்டின் பரிந்துரைப்படி, முதல் 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை ஓய்வும் குறைந்த திரைப்பாவனையும் போதும். அந்நாட்களிலும் வீட்டு வேலைகளும் மெதுவான நடையும் தடையல்ல. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காயமுற்ற இளையோர் 103 பேரைக் கொண்டு நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வில், அளவான பயிற்சி செய்தோர் 13 நாட்களிலும், தசைநீட்டற் பயிற்சி மட்டும் செய்தோர் 17 நாட்களிலும் தேறினர் (இவை இடைநிலை அளவுகள்).

‘அளவான’ என்பதே இங்கு முக்கியம். 220 இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். தொடக்கத்தில் அதில் 55 வீதமும், அது தாங்கினால் 70 வீதமும் எல்லையாகும். 40 வயதானவருக்கு இவை நிமிடத்துக்கு முறையே 99, 126 துடிப்புகள். லாசால் நதிக்கரைப் பாதையின் சமதளமும், பனிக்காலத்தில் கர்ஃபூர் அங்ரிஞோன் அங்காடியின் உட்புறமும், வீட்டில் நிலையான சைக்கிளும் இதற்கு ஏற்றவை. பயிற்சிக்கு முன் தலைவலிக்குப் பத்தில் ஒரு புள்ளி கொடுத்துக்கொள்ளவேண்டும். பயிற்சியின்போது அது இரண்டு புள்ளிக்கு மேல் கூடினாலோ, கூடியது ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்காவிட்டாலோ, நிறுத்தி மறுநாள் குறைத்துச் செய்யலாம்.

ஓட்டம், தனிப்பயிற்சி, மோதலற்ற குழுப்பயிற்சி எனப் படிப்படியாக ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விடவேண்டும். தலையில் மீண்டும் அடிபடக்கூடிய ஆட்டத்துக்கு, அறிகுறிகள் முற்றாக நீங்கியபின் மருத்துவரின் அனுமதி அவசியம். மாணவர் முதலில் வகுப்புக்கு முழுமையாகத் திரும்பவேண்டும். மைதானம் அதற்குப் பின்னரே.

துடுப்பாட்ட இரசிகர் 2019 ஆகஸ்டில் லோர்ட்ஸில் நடந்ததை அறிவர். கழுத்தில் பந்து பட்டு விழுந்த ஸ்டீவ் ஸ்மித் பரிசோதனைகளில் தேறி, ஒரு மணித்தியாலத்துக்குள் மீண்டும் துடுப்பெடுத்தாடினார். மறுநாட் காலையிலேயே அறிகுறிகள் வெளிப்பட்டன. அடுத்த போட்டியையும் தவறவிட்டு, செப்டம்பரில் திரும்பியவர் 211 ஓட்டங்கள் குவித்தார். அவசரத்தின் விலை இதைவிடப் பெரிதாகவும் இருந்திருக்கிறது. 2013 இல் ஒட்டாவாவில் 17 வயது றக்பி வீராங்கனை ரோவன் ஸ்ட்ரிங்கர், சில நாட்களுக்குள் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டு உயிரிழந்தார். ஒன்ராறியோ மாகாணம் 2018 இல் அவர் பெயரால் சட்டம் இயற்றியது.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கடுமையாகும் தலைவலி, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 911 ஐ அழைக்கவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுக்கும் முதியோர், சிறு அடியாயினும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். ஏனைய ஐயங்களுக்கு இன்ஃபோ-சான்ரே 811 இல் தாதியர் இரவும் பகலும் இலவசமாகப் பதிலளிப்பர். அறிகுறிகள் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை மீண்டும் நாடவேண்டும்.