பெட்டகத்தில் வைக்க இயலாத ஆபரணம்

பொன்னையும் வெள்ளியையும் வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டலாம். மகளுக்கும் பேத்திக்கும் எழுதி வைக்கலாம். மத்திய இந்தியாவின் பைகா, கோண்டு இனப் பெண்கள் தம் உடலில் பதித்துக்கொள்ளும் 'கோத்னா' என்னும் பச்சைக்குத்தோ இவ்விரண்டிற்கும் இடங்கொடாத ஆபரணம். பிற நகைகள் யாவும் இங்கேயே தங்கிவிடும், கோத்னா மட்டுமே மரணத்திற்குப் பின்னும் உடன் வரும் என்பது அவர்களின் நம்பிக்கை. அழகிய நம்பிக்கைதான். ஆயினும், ஒரு மூதாட்டி மறையும்போது அவர் கையிலிருந்த கோலமும் அவருடனேயே மறைந்துவிடுகிறது என்பதும் உண்மையே.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பாட்டிமாரின் முன்கைகளில் புள்ளிக்கோலமும் தேளும் உற்றார் பெயரும் பச்சையாய்த் துலங்குவதைக் கண்டிருக்கிறோம். அவற்றை வரைந்து வைத்தவர் மிகச் சிலரே. இன்று நம் கைபேசியும் கணினியும் அப்பணியை எளிதாக்கியுள்ளன.

தோலிலிருந்து கோலத்தைப் பெயர்த்தெடுப்பது புதிய முயற்சியன்று. பீகாரின் மதுபனி மாவட்டத்து ஜித்வார்பூரில், 1970-களில், துசாத் சமூகப் பெண்கள் தம் உடலிலிருந்த கோத்னா வடிவங்களைத் தாளில் தீட்டத் தொடங்கினர். ஜெர்மானிய மானிடவியலாளர் எரிகா மோசர் அவர்களை ஊக்குவித்தார். சானோ தேவி அவ்வழியில் முன்னோடியாய்த் திகழ்ந்தார். மூங்கில் எழுதுகோலும் விளக்குக் கரியும் கொண்டு வரிசை வரிசையாய் எழுந்த அவ்வோவியங்கள் ஒரு தனிப் பாணியாகவே வளர்ந்தன. அப்பாணியின் கலைஞர்களான சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதியர் 2024-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றனர். தோலிலிருந்து தாளுக்கு வந்த கோலம், தாளிலிருந்து திரைக்கு வருவது அடுத்த படி.

முதற்பணி நல்ல ஒளிப்படம் எடுப்பது. மூத்தோரின் இசைவைப் பெற்று, காலை ஒளி பக்கவாட்டில் விழும் திண்ணையில் அவரை அமரச் செய்வோம். பிளாஷ் ஒளி தோலை மினுங்கச் செய்து கோடுகளை மறைத்துவிடும், அதனைத் தவிர்ப்போம். கையின் அருகே ஓர் அடிக்கோலை வைத்துப் படமெடுத்தால் கோலத்தின் உண்மையளவு பின்னர் தெரியும். அவ்வடிவத்தின் பெயரையும் பொருளையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 'சீதையின் அடுக்களை' என்று வழங்கும் கோத்னா வடிவத்தைப் பெயரறியாது காண்போர்க்கு, அது வெறும் கோடுகளின் தொகுதியாகவே தோன்றும்.

அடுத்து, படத்தைத் திருத்தும் மென்பொருளில் திறப்போம். போட்டோஷாப் கட்டண மென்பொருள். கிம்ப், கிரிட்டா ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 'லெவல்ஸ்' கருவியால் கருமையைக் கூட்டினால் மங்கிய கோடுகள் மேலெழும். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல மை தோலுக்குள் பரவி, கோடுகள் தடித்திருக்கும். ஆகவே கணினி காட்டும் உருவை அப்படியே ஏற்காமல், படத்தின்மீது புதியதொரு லேயரை இட்டு, 'பாத்' கருவியால் கோடுகளின் நடுவே தடம் வரைவதே நன்று. இவ்வாறு வரைந்த தடத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாது. படமாக அச்சிட, ஓர் அங்குலத்திற்கு 300 பிக்சல் என்பது பொது அளவு. 10 சென்டிமீட்டர் அகலக் கோலத்திற்கு ஏறத்தாழ 1,200 பிக்சல் போதும்.

பாட்டியின் கோலத்தைப் பேத்தி தன் கையில் குத்திக்கொள்ள விரும்பலாம். தோலில் ஏறிய மையை நீக்குவது கடினம், செலவும் மிகுதி. திரையில் ஏறியதை நொடியில் அழிக்கலாம். ஆகவே அவளது கையின் ஒளிப்படத்தில் முதலில் இட்டுப் பார்ப்போம். கோலத்தை வெறுமனே ஒட்டினால் அது ஒட்டுவில்லை போலவே தோன்றும். காரணம் எளிது. பச்சைக்குத்தின் மை தோலின் மேற்படலத்திற்குக் கீழே தங்குகிறது. அதனைத் தோலின் ஊடாகவே காண்கிறோம். கரிய மை நீலமும் பசுமையும் கலந்து தெரிவதும் அதனாலேயே. 'பச்சை' என்னும் தமிழ்ப் பெயரே இந்நிறத்தைச் சொல்லிவிடுகிறது. எனவே முழுக் கருமையை விடுத்துக் கரும்பச்சை நீலத்தைத் தேர்ந்து, லேயரின் முறையை 'மல்டிப்ளை' என மாற்றி, அடர்த்தியை 70 அல்லது 80 விழுக்காடாகக் குறைப்போம். 'வார்ப்' கருவியால் கையின் வளைவிற்கேற்ப வளைத்து, விளிம்பை மிகச் சிறிதளவு மங்கலாக்கினால், தோலின் வரிகளும் நிழலும் கோலத்தின் ஊடே தெரியும்.

இத்திறனைத் தொழிலாகக் கொள்வோரும் உளர். வாழ்த்து அட்டை, துணிப்பை, சேலை முந்தானை ஆகியவற்றில் இவ்வடிவங்களை அச்சிடலாம். 2015-இல் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில், 'சிசு' பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை பிணையமின்றிக் கடன் பெற வழியுண்டு.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஓவியர் ஒருவர் தீட்டிய கோத்னா ஓவியத்தின் பதிப்புரிமை, அவர் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். அதனைப் படமெடுத்துத் தடம் வரைந்து விற்பதற்கு அவரது இசைவு வேண்டும். உரிய தொகையும் தர வேண்டும். ஒரு சமூகத்தின் பொதுச் சொத்தாய் விளங்கும் மரபுக் கோலத்திற்கு அத்தகைய தனி உரிமையாளர் இல்லாதிருக்கலாம். ஆயினும் அது எவருடையது என்பதைப் பொருளின்மீது அச்சிடுவதும், வரும் வருவாயில் ஒரு பங்கை அவர்களுக்கு அளிப்பதும் நேர்மையான வணிகத்தின் இலக்கணம்.

நிறைவாக, வரைந்த கோப்பிற்கு அம்மூத்தோரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றையே பெயராக இட்டு, இரு வேறு இடங்களில் சேமித்து வைப்போம். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, கைபேசியுடன் ஓர் அடிக்கோலையும் எடுத்துச் செல்வோம்.