கோடிப்புறத்துக் குடித்தனம்

பிள்ளைகள் படிப்பிற் சற்று அயர்ந்தால், தேனீயைக் காட்டிப் புத்தி சொல்வது நம்மவர் வழக்கம். அவ்வாறு சொல்வோரிற் பலர் தேனீயைக் கூர்ந்து பார்த்தவரல்லர் என்பது எமது எண்ணம். மார்ட்டின் லிண்டவர் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஒரே ஒரு வேலைக்காரத் தேனீயை ஏறக்குறைய 177 மணிநேரம் அவதானித்து, 1952 இல் அதன் நாட்குறிப்பை வெளியிட்டார். அதிற் சுமார் 70 மணிநேரம் அது வாளா இருந்தது. இன்னும் 56 மணிநேரம் கூட்டுக்குள் உலாவித் திரிந்தது. எங்கே என்ன வேலை கிடக்கிறது என்று பார்த்து வருவதும் அவ்வுலாவில் அடங்குமாம். ஞாயிற்றுக்கிழமையிற் சாய்மனைக் கதிரையை விட்டெழாத குடும்பத் தலைவர்கள் இப்பகுதியை இல்லத்தரசியருக்கு உரக்க வாசித்துக் காட்டலாம்.

எமது வளவின் கோடிப்புறத்தில், மாமரத்து நிழலில், இரண்டு தேன்பெட்டிகளை வைத்திருந்தோம். எறும்பு ஏறாதபடி கால்களை நீர் நிறைந்த சிரட்டைகளில் நிறுத்தினோம். குடியிருப்பது நம் நாட்டுப் பொந்துத்தேனீ. முன்னாளில் மரக்கிளையில் மட்பானையைக் கட்டி இதனைக் குடியேற்றினர். தேன் எடுக்கையில் அடையும் குஞ்சும் அழிந்தன. 1851 இல் லாங்ஸ்ட்ரோத் என்ற அமெரிக்கப் பாதிரியார், சட்டங்களுக்கிடையே தேனீ நடமாடும் அளவுக்கு இடைவெளி விட்டால், அவ்விடத்தை அது அடைகட்டி மூடுவதில்லை என்று கண்டார். அதன் பின்னரே அடையைச் சேதப்படுத்தாது சட்டத்தைத் தூக்கவும் திரும்ப வைக்கவும் வழி பிறந்தது.

ஆனால், பெட்டி நம்முடையதாகையால் தேனீயும் நம்முடையது என்று எண்ணிவிடலாகாது. பொந்துத்தேனீ மிகுந்த ரோசமுடையது. அடிக்கடி திறந்து பார்த்தாலும், தேனை ஒட்டச் சுரண்டினாலும், வெயிலில் விட்டாலும், ஒருநாள் இராணியுடன் முழுக் குடியும் எழுந்து போய்விடும். போகும் இடத்தைச் சொல்லிக்கொண்டும் போகாது.

சித்திரை வெயிலில் அவை வீடு காக்கும் முறையைக் காண வேண்டும். குஞ்சுகள் இருக்குமிடத்தை ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருத்தல் அவசியம். வெக்கை மிஞ்சினால் ஒரு கூட்டம் கிணற்றடியிலிருந்து நீர் காவி வந்து அடைகளிற் தடவும்; மற்றொரு கூட்டம் வாயிலில் வரிசையாக நின்று சிறகால் விசிறும். எங்கள் வீட்டில் மின்விசிறி நின்ற ஒரு பகல் முழுவதும் அவற்றின் விசிறி நிற்கவில்லை.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், ஒரு காலை, பெட்டிகளின் முன்னே நிலமெங்கும் தேனீக்கள் நாவை நீட்டியபடி இறந்து கிடந்தன. சில, பறக்கமாட்டாமற் சுழன்றன. வேலிக்கு அப்பால் உள்ள பாகற்றோட்டத்தில் முதல்நாட் காலை கிருமிநாசினி தெளித்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பெட்டி வெறிதாயிற்று.

தோட்டக்காரரிடம் போனோம். எம்மிலும் மூத்தவர். அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, "மாஸ்டர், நீங்கள் ஆசைக்கு வளர்க்கிறியள். நான் சீவியத்துக்குத் தோட்டஞ் செய்யிறன். பூச்சி விழுந்தால் ஒரு காய் மிஞ்சாது" என்றார். அவர் சொல்லிற் பிழை காண இடமில்லை. மகளின் பல்கலைக்கழகப் படிப்பு அந்தப் பந்தலிலேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே தர்க்கத்தை விடுத்து, மறுநாள் விடியற்காலை பந்தலின் கீழ் வருமாறு அவரை அழைத்தோம். பாகலில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியிற் சிறுவிரல் நுனியளவு பிஞ்சு பூக்கும்போதே தெரியும். ஆண்பூவின் மகரந்தம் வந்து சேராவிடில் அது மஞ்சளித்து உதிரும். எஞ்சிய பெட்டியின் தேனீக்கள் பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தன. அவர் நெடுநேரம் பேசாமற் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இதுகளும் என்ரை தோட்டத்திலை கூலியில்லாமல் நிக்குதுகள்" என்றார்.

பாகற்பூ காலையில் விரிந்து மாலைக்குள் வாடிவிடும். பொழுதுபட்ட பின் தெளித்தால், பூவுமில்லை, தேனீயும் வெளியிலில்லை. இஃது முழுப் பரிகாரமன்று. சில மருந்துகளின் நஞ்சு மறுநாளும் இலையிற் தங்கும். ஆயினும், அதன்பின் பெட்டியடியில் இறந்து கிடப்பவை பெரிதும் குறைந்தன.

இந்த ஆண்டு மூன்று போத்தல் தேன் எடுத்தோம். வேப்பம்பூக் காலத்துத் தேன், சற்றுக் கைப்பு. இன்னும் எடுத்திருக்கலாம் என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டு. மாரியில் அவை பறக்கவும் இயலாது, பூவும் குறைவு என்பதால் மிகுதியை விட்டுவைத்தோம். ஒரு போத்தல் வேலிக்கு அப்பாற் போயிற்று.

இப்போது மருந்து தெளிக்கும் நாட்களில், பொழுதுபடும் வேளை, வேலிக்கு மேலாக அவர் குரல் கேட்கும்: "மாஸ்டர், உங்கடை ஆக்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்திட்டினமோ?"