உறங்காத சிறு மூளை

வங்கியின் சர்வர் நள்ளிரவில் நின்றுவிட்டால், தொலைவிலிருக்கும் பொறியாளர் அதை எப்படி எழுப்புகிறார்? அதன் தாய்ப்பலகையில் மேலாண்மைச் செயலி என்னும் சிறு கணிப்பொறி தனியே உள்ளது. சர்வர் அணைந்திருந்தாலும், மின் இணைப்பு உள்ளவரை இது விழித்திருக்கும். டெல் சர்வர்களில் இதன் பெயர் ஐடிராக்.

சர்வரை இயக்கியதும் எஃப்2 விசையை அழுத்தினால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே மூன்று எண்கள் தரவேண்டும். ஐ.பி. முகவரி வீட்டு எண் போன்றது. எந்த வீடுகள் நம் தெருவைச் சேர்ந்தவை என்று சொல்வது சப்நெட் மாஸ்க். தெருவை விட்டு வெளியேறும் வாயில் கேட்வே. டிஹெச்சிபி முறையில் முகவரி தானாகவே கிடைக்கும். ஆனால் அது மாறக்கூடும். நள்ளிரவில் முகவரியைத் தேடி அலைவதா? ஆகையால் நிலையான முகவரியே நன்று. பழைய ஐடிராக்குகள் 192.168.0.120 என்ற ஒரே முகவரியுடன் வந்தன. இரண்டை அப்படியே ஒரு வலையில் இணைத்தால் மோதல்தான்!

கேட்வேயைத் தவறாக இட்டாலோ, அடுத்த தெருவிலிருந்துகூட அதை எட்ட முடியாது. தொலைவிலிருந்து மாற்றியவர் தம் கதவைத் தாமே சாத்திக்கொண்டவராவார். பிறகு நேரில் போகவேண்டியதுதான்.

அந்தப் பழைய ஐடிராக்குகளின் தொடக்கக் கடவுச்சொல் ‘கால்வின்’ என்பது ஊரறிந்த இரகசியம். அதை மாற்றாவிட்டால், வலைக்குள் நுழைந்த எவரும் சர்வரையே அணைத்துவிடலாம். இதனால்தான் இச்செயலிகளைப் பொது இணையத்தில் விடாமல், தனி வலையில் வைக்கிறார்கள்.