தாத்தாவுக்கு எந்த ஊர்?

1885 அக்டோபர் 19 அன்று, ஜெர்மனியின் பிரெமன் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ‘ஐடர்’ என்ற நீராவிக் கப்பல் நியூயார்க் வந்து சேர்ந்தது. இறங்கியவர்களில் முடிதிருத்தும் தொழில் கற்ற பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். காசில் கார்டன் குடியேற்ற நிலையத்தின் பட்டியலில் அவன் பெயர் ‘ஃப்ரீட்ர். ட்ரும்ப்ஃப்’ என்று ஏறியது. அக்கா காதரினா முன்பே நியூயார்க் வந்துவிட்டதால் தங்குவதற்கு ஒரு வீடு இருந்தது. பலாட்டினேட் பகுதியில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த கால்ஷ்டாட் கிராமம்தான் அவன் ஊர். அவன் முழுப்பெயர் ஃப்ரீட்ரிக் டிரம்ப். பின்னாளில் அமெரிக்க அதிபரான டொனால்ட் டிரம்பின் தாத்தா.

1987-இல் அந்தப் பேரன் பெயரில் ஒரு புத்தகம் வந்தது. தாத்தா சுவீடனிலிருந்து வந்தவர் என்று அதில் எழுதியிருந்தது.

இந்தச் சுவீடன் கதை பேரன் கட்டியதல்ல. அவருடைய தந்தை ஃப்ரெட் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நியூயார்க்கில் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர் அவர். குடியிருந்தவர்களில் யூதர்கள் ஏராளம். அந்த நாளில் ஜெர்மானியர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய முடியாது என்று குடும்பம் நினைத்தது. ஆனால் அச்சம் அதற்கும் முந்தியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஃப்ரெட்டுக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1918 மே மாதம் தந்தை காய்ச்சலில் இறந்தார். அமெரிக்காவில் ஜெர்மானியப் பெயரோடு வளரும் ஒரு சிறுவனுக்கு அதைவிடக் கொடிய ஆண்டு இருந்திருக்க முடியாது.

முதல் உலகப்போரின் உச்சம் அது. ஏப்ரலில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் காலின்ஸ்வில் ஊரில் ராபர்ட் பிரேகர் என்ற ஜெர்மானியக் குடியேறியை ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. மே மாதம் ஐயோவா ஆளுநர் பொது இடத்திலும் பள்ளியிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிவித்தார். ஷ்மிட் என்பவர் ஸ்மித் ஆனார். முல்லர் மில்லர் ஆனார், ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனார். ஞாயிறு வழிபாட்டில் ஜெர்மன் நின்றது. வீட்டில் தாத்தாவின் ஊர்ப் பேச்சும் மெல்ல நின்றது.

‘எல்லிஸ் தீவில் குமாஸ்தா எங்கள் பெயரை மாற்றிவிட்டார்’ என்று இன்றும் பல அமெரிக்கக் குடும்பங்கள் சொல்கின்றன. அது உண்மையல்ல. பயணிகளின் பெயரை எழுதியது புறப்பட்ட துறைமுகத்தில். எல்லிஸ் தீவு அதிகாரிகள் அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த நிலையம் திறந்ததே 1892-இல். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்தினரே, கடைப் பலகைக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும் உயிருக்காகவும். மூதாதையைத் தேடப் புறப்படுகிறவர் முதலில் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மறைத்தது ஆவணம் அல்ல, அன்பான மனிதர்கள்.

1976-இல் அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ வெளிவந்து, அடுத்த ஆண்டே தொலைக்காட்சித் தொடராக அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சக் கதை அது. அதைப் பார்த்துவிட்டு ஜெர்மானியரின் பேரப்பிள்ளைகளும் தங்கள் வேரைத் தேடக் கிளம்பினார்கள். அன்றைய தேடல் என்பது காத்திருப்பு. ஜெர்மனியில் தேவாலய ஏடுகளை வைத்திருக்கும், பெயர் தெரியாத ஒரு போதகருக்குக் கடிதம் எழுதி, பதில் தபால் செலவுக்குச் சர்வதேசக் கூப்பனும் வைத்து அனுப்புவார்கள். மாதங்கள் போகும். பதிலே வராமலும் போகும். யூட்டா வம்சாவளிச் சங்கம் 1938 முதல் உலகம் முழுக்கப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் எடுத்துவந்தது. வேண்டிய சுருளுக்குப் பணம் கட்டி, அது சால்ட் லேக் சிட்டியிலிருந்து உள்ளூர் மையத்துக்கு வரும்வரை வாரக்கணக்கில் பொறுத்திருந்து, இருட்டறையில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். சில சபைகள் தங்கள் ஏடுகளைப் படமெடுக்க இடமே தரவில்லை.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: எந்த ஊர்? நம் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்ததும் கேட்கும் அதே கேள்வி. ‘ஜெர்மனி’ என்ற பதில் எதற்கும் உதவாது. 1871-க்கு முன் ஜெர்மனி என்றொரு நாடே இல்லை. பிரஷ்யா, பவேரியா, வூர்ட்டம்பெர்க், மெக்லன்பர்க் என்று தனித்தனி அரசுகள். நாடு முழுவதற்குமான குடிமைப் பதிவு 1876-இல்தான் வந்தது. அதற்கு முன் பெரும்பாலான பகுதிகளில் பிறப்பும் மணமும் இறப்பும் அந்தந்தத் தேவாலயப் பங்கின் ஏட்டில் மட்டுமே. ஊர் தெரியாவிட்டால் ஏடு தெரியாது.

ஊரைச் சொல்லியிருக்கக்கூடிய காகிதங்களும் போய்விட்டன. பிரெமனில் பயணிகள் பட்டியல்களை இடமில்லை என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அழித்துவந்தார்கள். பிறகு எழுதியவற்றில் பலவற்றைப் போர் தின்றது. மிஞ்சியவை 1920 முதல் 1939 வரையிலானவை. ஹாம்பர்க் பட்டியல்கள் மட்டும் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் பிழைத்தன. அவை பயணியின் ஊரையும் சொல்லும். அமெரிக்கப் பக்கத்திலும் ஓர் இழப்பு: 1882 என்ற ஒரே ஆண்டில் சுமார் இரண்டரை லட்சம் ஜெர்மானியர் வந்திறங்கினார்கள், அவர்கள் குடியமர்ந்த நிலையைக் காட்டியிருக்கும் 1890 மக்கள்தொகைக் கணக்கின் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயால் பாழானது. 1880-க்கும் 1900-க்கும் இடையே ஓர் இருபதாண்டுப் பள்ளம்.

ஏடு கிடைத்தாலும் படிப்பது எளிதல்ல. பழைய குர்ரென்ட் கையெழுத்தில் ‘ஈ’ எழுத்து ‘என்’ போலவே இருக்கும். கத்தோலிக்க ஏடுகள் லத்தீனில் இருக்கும். பல வீடுகளில் பிறந்த எல்லா ஆண்பிள்ளைக்கும் முதற்பெயர் யோஹான். கூப்பிடுவது இரண்டாம் பெயரால். அமெரிக்காவில் ‘ஜார்ஜ்’ என்று இறந்தவரை ஏட்டில் ‘யோஹான் கியோர்க்’ என்று தேட வேண்டும். வெஸ்ட்பாலியாவில் மனைவியின் பண்ணைக்கு வாழப்போனவர் அந்தப் பண்ணையின் பெயரையே தன் குடும்பப் பெயராக்கிக்கொள்வார். இதை அறியாதவர் ஒரே மனிதரை இரண்டு பேர் என்று எண்ணிப் பல ஆண்டுகளை இழந்திருக்கிறார்.

பிறகு ஒருநாள் ஞானஸ்நான வரியில் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். சில ஊர்களில் அந்தப் பிள்ளையின் பதிவைத் தலைகீழாக எழுதிவைத்தார்கள். தேடுகிறவருக்கு முகம் சுருங்கும் இடம் இது. ஆனால் சட்டத்தைப் பார்த்தால் கோபம் வேறு பக்கம் திரும்பும். பவேரியாவில் 1868 வரை சொத்தோ நிலையான பிழைப்போ காட்டாத ஏழைக்கு ஊராட்சி திருமண அனுமதி தராது. மெக்லன்பர்க்கிலும் வூர்ட்டம்பெர்க்கிலும் இதே போன்ற தடைகள். சேர்ந்து வாழ்ந்தவர்களை மணம்செய்ய விடாமல் தடுத்துவிட்டு, அவர்கள் பிள்ளைக்கு முறைகேடு என்று முத்திரை குத்தியது அரசு. அப்படிப்பட்ட பலர் கப்பலேறி, அக்கரையில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டதில் எனக்கு வியப்பில்லை. அந்த வெற்றிடம் அந்தப் பெண்ணின் குற்றம் அல்ல.

இதே ஏடுகளை வைத்து இன்னொரு தேடலும் நடந்தது. 1933 ஏப்ரலில் நாஜி அரசு, அரசு வேலையில் இருப்பவர்கள் தாத்தா பாட்டி வரை ‘ஆரியர்’ என்று நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பங்கு அலுவலகங்களின் வாசலில் சான்று கேட்டுக் கூட்டம் குவிந்தது. முன்னோர் விவரம் எழுதிய ‘ஆனன்பாஸ்’ கையேடு வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு யூதப் பாட்டியின் பெயர் ஏட்டில் இருந்தால் பேரனின் வேலை போகும், பிற்பாடு பலருக்கு உயிரும் போயிற்று. வம்சம் தேடுவதை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் நினைக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இன்று ஆர்க்கியோன் என்ற தளம் புராட்டஸ்டன்ட் சபை ஏடுகளை 2015 முதல் கட்டணத்துக்குத் திறந்துவைத்திருக்கிறது. மாட்ரிகுலா தளத்தில் கத்தோலிக்க ஏடுகளை இலவசமாகவே பார்க்கலாம். யூட்டாவின் சுருள்கள் ‘ஃபேமிலிசர்ச்’ தளத்தில் ஏறிவிட்டன. சுருளைத் தபாலில் அனுப்பும் வழக்கமே 2017-இல் முடிந்துபோயிற்று. 1912-13-இல் அச்சான மையர் ஊர் அகராதி கணினித் திரையில் வரைபடத்தோடு வருகிறது. குர்ரென்ட் எழுத்தை ‘டிரான்ஸ்கிரிபஸ்’ மென்பொருள் ஓரளவு படித்துக் காட்டுகிறது. மரபணுச் சோதனைக்கு எச்சில் குழாயை அனுப்பினால், வெற்றிடமாக விட்ட தந்தையின் வழியில் வந்த உறவினர்கூடச் சிலசமயம் கிடைத்துவிடுகிறார். ஜெர்மனியில் பிறப்புப் பதிவுகள் 110 ஆண்டும், திருமணப் பதிவுகள் 80 ஆண்டும், இறப்புப் பதிவுகள் 30 ஆண்டும் கடந்ததும் பொதுமக்களுக்குத் திறக்கின்றன.

வேகம் கூடியதில் ஒரு கேடும் வந்தது. ஒருவர் இணையத்தில் ஊகித்துப் போட்ட தந்தை பெயரை நூறு பேர் தங்கள் வம்ச மரத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். நூறு இடத்தில் இருப்பதால் அது உண்மையாகிவிடாது. அன்று கைப்பிடி சுற்றியவர் ஏட்டின் பக்கத்தையாவது கண்ணால் பார்த்தார். இன்றைக்கும் சரியான வழி பழைய வழிதான். அமெரிக்காவில் அவர் போன ஜெர்மன் லூத்தரன் சபையின் ஏடு, அங்கே ஞானப்பெற்றோராக நின்றவர்கள், ஜெர்மன் பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பு, கல்லறைக் கல், பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவராக வந்து ஒரே தெருவில் குடியேறினார்கள். தாத்தா மறைத்த ஊரைப் பக்கத்து வீட்டுக்காரரின் கல்லறை சொல்லிவிடும்.

கால்ஷ்டாட்டுக்கும் வழி அப்படியே திறந்தது. 2000-இல் க்வெண்டா பிளேர் அந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதினார். 2016-இல் வரலாற்றாளர் ரோலண்ட் பால், ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்த 1905-ஆம் ஆண்டுத் தாள்களை வெளியிட்டார். ஃப்ரீட்ரிக் பணம் சேர்த்து, ஊரிலேயே பெண் எடுத்து, மனைவி எலிசபெத்தின் ஏக்கத்துக்காக 1904-இல் கால்ஷ்டாட் திரும்பியிருந்தார். ராணுவச் சேவைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனவர் என்று, அந்தப் பகுதியை அப்போது ஆண்ட பவேரியாவின் அதிகாரிகள் வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். இங்கேயே வாழவிடுங்கள் என்று இளவரசர் லூயிட்போல்டுக்கு அவர் எழுதிய மன்றாட்டை அரசு தள்ளியது. 1905 கோடையில் குடும்பம் ஹாம்பர்க்கில் கப்பலேறியபோது எலிசபெத் கருவுற்றிருந்தார். அந்த அக்டோபரில் நியூயார்க்கில் பிறந்த குழந்தைதான், பின்னாளில் தன் தந்தை சுவீடன்காரர் என்று சொல்லிவந்த ஃப்ரெட்.