உங்களுக்குத் தெரியுமா?

அம்மம்மாவின் பெட்டகத்தில் கிடக்கும் கறுத்த வெள்ளிக்காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள்! காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி மெல்ல மெல்லச் சேர்ந்து உண்டான படலமே அந்தக் கறுப்பு. சேகரிப்பாளர்கள் தேடுவது அதைத்தான். தேய்த்தால் விழும் நுண்கீறல்கள் ஒருநாளும் மறையா, விலையும் இறங்கிவிடும்.

இலங்கையின் 50 சதம், 1892இல் வெள்ளியில் வந்தது. எடை 5.83 கிராம், அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. முதலாம் உலகப் போருக்குப் பின் அது 55 பங்காகக் குறைந்தது. 1943இல் வெள்ளியே போய், நிக்கல் கலந்த பித்தளை வந்தது.

காசின் மேடான இடங்களே முதலில் தேயும். ஆகவே முன்புறத்து விக்டோரியா அரசியின் கூந்தல் இழைகளையும், பின்புறத்து மரத்தின் ஓலைகளையும் உருப்பெருக்கியில் பாருங்கள். (அது நம் பனை அல்ல, தாளிப்பனை.) இழை இழையாகத் தெரிந்தால் நல்ல காசு. மழுங்கியிருந்தால், அரிய ஆண்டாக இல்லாதவரை, யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் வெள்ளியின் நிறைக்குத்தான் விலை கிடைக்கும்.

மாலையில் கோக்கத் துளையிட்ட காசுகளுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். ஆனாலும் அவற்றை உருக்கக் கொடுக்க எனக்கு மனம் வராது. யாரோ ஒரு பிள்ளையின் கழுத்தில் கிடந்தவை அவை.