புத்தாக்க மண்டலங்கள் உருவாவது எப்படி? அரசு, பல்கலைக்கழகங்களின் பங்கு குறித்து ஹைதராபாத் உணர்த்துவது என்ன?

ஹைதராபாத்: பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், புத்தொழில் நிறுவனங்கள், பெருந்தொழில் நிறுவனங்கள் ஆகியவை ஒன்றுக்கொன்று அருகில் இயங்கி, ஆய்வு முடிவுகளைப் பொருளாகவும் வேலைவாய்ப்பாகவும் மாற்றும் பகுதிகள் 'புத்தாக்க மண்டலங்கள்' என அழைக்கப்படுகின்றன. பல மாநிலங்கள் இத்தகைய மண்டலங்களை அமைப்பதில் ஆர்வம் காட்டி வருகின்றன. நிலம் ஒதுக்கிக் கட்டடம் எழுப்பினால் மட்டும் புத்தாக்கம் பிறந்துவிடாது என்பதற்கு ஹைதராபாத்தின் வளர்ச்சி ஓர் எடுத்துக்காட்டாக உள்ளது.

முதலில் வந்தவை ஆய்வுக்கூடங்கள்

ஹைதராபாத்தின் புறநகரில் உள்ள 'ஜீனோம் வேலி' உயிரித் தொழில்நுட்ப மண்டலம் 1999-ம் ஆண்டு, ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கப்பட்டது. ஆனால், அதற்கான அடித்தளம் பல ஆண்டுகளுக்கு முன்பே அமைந்துவிட்டது. பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐடிபிஎல், 1960-களில் இங்கு ஆலை அமைத்தது. அங்கு பணியாற்றிய அஞ்சி ரெட்டி, 1984-ம் ஆண்டு டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் (சிசிஎம்பி) 1977-ம் ஆண்டு முதல் இந்நகரில் இயங்கி வருகிறது.

1993-ம் ஆண்டு தொடங்கப்பட்ட சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பின்னர் சிசிஎம்பி வளாகத்திலும் தனது தொடக்ககால ஆய்வுகளை மேற்கொண்டது. அதன் பயனாக, 1997-ம் ஆண்டு உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி சந்தைக்கு வந்தது. அதுவரை அதிக விலை கொடுத்து இறக்குமதி செய்யப்பட்ட தடுப்பூசி, சாமானிய மக்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தது.

ஆய்வுக்கூடங்களும் அவற்றில் பயிற்சி பெற்ற வல்லுநர்களும் ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் மண்டலம் அறிவிக்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றின்போது, புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துடன் இணைந்து பாரத் பயோடெக் உருவாக்கிய கோவாக்சின் தடுப்பூசியும் இதே ஜீனோம் வேலியில் தயாரானது.

அரசின் பணி என்ன?

ஆய்வகக் கருவிகளின் விலை புதிய நிறுவனங்களுக்குப் பெரும் தடையாக உள்ளது. இதைக் கருத்தில் கொண்டு, ஜீனோம் வேலிப் பகுதியில் 1999-ம் ஆண்டு அறிவுப் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டது. மாநில அரசு நிலம் வழங்கிய இப்பூங்காவில், ஆயத்த நிலையில் உள்ள ஆய்வகங்களைச் சிறு நிறுவனங்கள் வாடகைக்குப் பெறலாம். தேசிய அளவில், 2012-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய பைராக் நிறுவனம், தொடக்க நிலை உயிரித் தொழில்நுட்ப ஆய்வுகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் வழங்குகிறது. தோல்வி அடையக்கூடிய ஆய்வுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்குவதால், அந்த இடர்ப்பாட்டை அரசே ஏற்க வேண்டியுள்ளது.

கல்வி வளாகத்தில் பிறந்த மையம்

தகவல் தொழில்நுட்பத் துறையிலும் இதே முறை பின்பற்றப்பட்டது. ஹைதராபாத் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் 1998-ம் ஆண்டு அரசு-தனியார் பங்களிப்பில் உருவானபோது, நிலத்தையும் கட்டடங்களையும் மாநில அரசு வழங்கியது. அதன் வளாகத்தில் 2015-ம் ஆண்டு நவம்பரில் 'டி-ஹப்' என்ற புத்தொழில் வளர்ப்பு மையத்தைத் தெலங்கானா அரசு தொடங்கியது. இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ், நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் ஆகியவையும் இதில் இணைந்தன. இதனால் தொழில்நுட்பம், மேலாண்மை, சட்டம் ஆகிய மூன்று துறைகளின் வழிகாட்டுதலும் இளம் தொழில்முனைவோருக்கு ஒரே இடத்தில் கிடைத்தது. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம், இம்மையம் மேலும் பெரிய கட்டடத்திற்கு மாறியது.

அருகில் இருந்தால் போதுமா?

ஒரே வளாகத்தில் இருந்தாலும் நிறுவனங்களும் பேராசிரியர்களும் தாமாகவே கைகோப்பதில்லை. இதற்குச் சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா ஒரு வழிமுறையைக் கண்டது. அங்கு இடம் பெறும் நிறுவனங்கள், கூட்டு ஆய்வு, மாணவர் பயிற்சி போன்ற பணிகள் மூலம் குறிப்பிட்ட அளவு மதிப்புப் புள்ளிகளைப் பெற வேண்டும். இத்தகைய நிபந்தனை இல்லாத இடங்களில், ஆராய்ச்சிப் பூங்காக்கள் வெறும் வாடகை அலுவலகங்களாக மாறிவிடும் அபாயம் உள்ளது.

நிலம் யாருக்கு?

அரசும் பல்கலைக்கழகமும் எதிரெதிராக நிற்கும் சூழலும் ஹைதராபாத்திலேயே ஏற்பட்டது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள காஞ்சா கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலத்தைத் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்புக்காக மேம்படுத்தத் தெலங்கானா அரசு முனைந்தது. நிலம் தனக்கே சொந்தம் என அரசு கூறிய நிலையில், மரங்களும் வன உயிரினங்களும் அழியும் எனக் கூறி மாணவர்கள் போராடினர். உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து தலையிட்டு, 2025-ம் ஆண்டு ஏப்ரல் 3-ம் தேதி மரம் வெட்டும் பணிகளை நிறுத்த உத்தரவிட்டது. வளாகத்தை வருங்கால ஆய்வுக்கான இடமாகக் கருதுவதா, விலை மதிப்புள்ள நிலமாகக் கருதுவதா என்ற கேள்வியை இச்சம்பவம் எழுப்பியது.

நிதி ஒதுக்கீடு எவ்வளவு?

மத்திய அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையின் தரவுகளின்படி, 2020-21-ம் ஆண்டில் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுக்கு நாடு செலவிட்ட தொகை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. இதில் உயர்கல்வித் துறையின் பங்கு 8.8 சதவீதம்; மாநில அரசுகளின் பங்கு 6.7 சதவீதம். புத்தாக்க மண்டலங்களின் இரு தூண்களாகக் கருதப்படும் பல்கலைக்கழகங்களும் மாநில அரசுகளும் சேர்ந்தே ஆய்வுச் செலவில் ஆறில் ஒரு பங்கை எட்டவில்லை.

இந்த நிலையை மாற்றும் நோக்கில், 2023-ம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமைக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவது இதன் இலக்கு. இதில் பெரும்பகுதி தனியார் துறை உள்ளிட்ட பிற வழிகளில் வர வேண்டியுள்ளது. இந்நிதி முன்னணி நிறுவனங்களைத் தாண்டி, மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூடங்களையும் சென்றடைந்தால்தான் பெருநகரங்களுக்கு வெளியேயும் இத்தகைய மண்டலங்கள் உருவாக வாய்ப்பு ஏற்படும்.